தவளையின் குரலும் நமது குரலும்

தவளை தன் வாயால் கெடும் என்பது நமது பழமொழி. ஆனால் மனிதன் தெளிக்கும் மருந்தாலோ, தவளை தன் குரலையே இழந்து கெடுகிறது.

மழை விட்ட இரவில் தோட்டத்துக் கால்வாயில் தவளை கத்துவதை அறியாதார் நம்மில் இல்லை. அது வீண் கூச்சலன்று. ஆண் தவளை தன் துணையை அழைக்கும் அழைப்பு. அவ்வழைப்பு நின்றால் சேர்க்கையில்லை, முட்டையில்லை, அடுத்த தலைமுறையுமில்லை.

அமெரிக்கச் சோள வயல்களில் களை கொல்லத் தெளிக்கப்படுவது அட்ரசின் என்னும் மருந்து. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டைரோன் ஹேய்ஸ் குழுவினர் இதனை ஆராய்ந்தனர். நூறு கோடிப் பங்கு நீரில் ஒரு பங்கு மருந்து கலந்தாலே ஆண் தவளையின் குரல்வளை சிறுத்தது என 2002-ல் அறிவித்தனர். 2.5 பங்கு கலந்த நீரில் 40 ஆண் தவளைகளை வளர்த்ததன் முடிவு 2010-ல் வெளியாயிற்று. பலவற்றின் ஆண்மை குன்றியது. நூற்றுக்குப் பத்து பெண்ணாகவே மாறின. மருந்து உற்பத்தியாளர் தரப்பு இம்முடிவுகளை மறுக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ, நிலத்தடி நீர் கெடுவது கருதி, 2004-ல் அம்மருந்துக்கு அனுமதி மறுத்துவிட்டது.

தவளைக்கு வந்தது அப்படியே மனிதருக்கும் வரும் என்று நாம் கூறவில்லை. ஆயினும், தீர்ப்புத் தாமதமானால் இடையில் துன்புறுவது யார்? மலேசியத் தோட்டங்களில் புல்லுக்கு அடிக்கப்பட்ட பாராகுவாட் என்னும் கொடிய நஞ்சுக்கு 2002-ல் தடை அறிவிக்கப்பட்டது. 2006-ல் அது தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்களே என்பதை மறக்கலாகாது.

ஆகவே நாம் கேட்பது இது: அடிக்கும் மருந்தின் பெயரும் கேடும் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் சொல்லப்பட வேண்டும். கையுறை, முகமூடி, குளிக்க நீர் ஆகியவற்றை நிர்வாகமே தர வேண்டும். கருவுற்ற பெண்களை மருந்து வேலைக்கு அனுப்பலாகாது. கால்வாயில் பம்பு கழுவலாகாது. கிராணிமார்களே! எந்த நாளில், எந்த மருந்தை, யார் அடித்தார் என்பதைத் தவறாது குறித்து வையுங்கள். பிற்காலத்தில் நோயுற்றவர் நியாயம் கேட்க அந்த ஒரு வரி துணை நிற்கும்.

குரல் போன தவளையால் முறையிட முடியாது. நமக்குக் குரல் இருக்கிறது, சங்கமும் இருக்கிறது. வாய் மூடிக் கிடந்தால், குற்றம் மருந்தினுடையது மட்டுமன்று, நம்முடையதுமாகும்.