பொதிகள் செல்லும் வழி

கணிப்பொறியைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் எனச் சிலர் வினவக்கூடும். நாள்தோறும் கைப்பேசி வாயிலாக நாம் விடுக்கும் சொற்கள் எவ்வழியே செல்கின்றன என்பதைச் சொல்லையே பணியாகக் கொண்ட நாம் அறியாதிருத்தல் முறையன்று என்பதே நம் விடை.

நாம் அனுப்பும் செய்தி முழுமையாக ஒரே வீச்சில் செல்வதில்லை. அது சிறு சிறு துண்டுகளாகப் பகுக்கப்படுகிறது. பெரும்பாலும் ஒரு துண்டு 1500 பைட்டுகளை மிகுவதில்லை. பாக்கெட் எனப்படும் இதனைப் 'பொட்டலம்' என்பாரும் உளர். நமக்குப் 'பொதி' என்பதே உவப்பு. மாட்டின் முதுகில் ஊர் ஊராய்ச் சென்ற உப்புப் பொதியைப் போல இதுவும் இடந்தோறும் இறங்கி ஏறிச் செல்வதன்றோ!

ஒரு கட்டடத்தினுள் பொதிகளைக் கைமாற்றும் கருவி சுவிட்ச். வந்த பொதியின் அனுப்புநர் முகவரியை நோக்கி, 'இவர் இவ்வாயிலில் உள்ளார்' எனத் தன் அட்டவணையில் அது குறித்துக்கொள்கிறது. பெறுநர் எவ்வாயிலில் உள்ளார் எனத் தெரியாவிடின், வந்த வாயில் நீங்கலாக ஏனைய வாயில்கள் அனைத்திற்கும் அனுப்புகிறது. உரியவர் மறுமொழி தந்ததும் அவர் இருப்பிடத்தையும் கற்றுக்கொள்கிறது.

வலையமைப்பு விட்டு வலையமைப்பிற்குப் பொதியைச் செலுத்துவது ரௌட்டர். முழுப் பயணத்தையும் எந்த ரௌட்டரும் அறியாது. அடுத்து யாரிடம் ஒப்படைப்பது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். ஒரு முகவரிக்கு இரு குறிப்புகள் பொருந்துமாயின், அவற்றுள் நுட்பமானதையே அது தேர்ந்துகொள்ளும். ஊர்ப்பெயரைவிடத் தெருப்பெயருக்கு முதன்மை தருவது போன்றது இது.

அக்குறிப்புகளைத் தருவோர் யார்? அண்டை வலையமைப்புகளே. 'இம்முகவரிகளுக்கு என் வழியே செல்லலாம்' என ஒருவர் அறிவிக்க, மற்றவர் நம்புகின்றனர். 1989இல் வகுக்கப்பட்ட பி.ஜி.பி. என்னும் இம்முறை, சொல்பவரின் சொல்லைச் சோதிக்கும் ஏற்பாடு எதனையும் தன்னகத்தே கொண்டிருக்கவில்லை. நம் அச்சம் இங்கேதான் தொடங்குகிறது.

2008 பிப்ரவரி 24 அன்று யூடியூப் தளத்தைத் தன் நாட்டில் தடுக்கும் பொருட்டுப் பாகிஸ்தான் டெலிகாம் அத்தளத்தின் 256 முகவரிகளுக்குத் தானே உரியவர் எனும் குறிப்பை உருவாக்கிற்று. உள்வீட்டிற்குரிய அக்குறிப்பு, மேலிணைப்பு நல்கிய பி.சி.சி.டபிள்யூ. நிறுவனத்தின் வழியே உலகெங்கும் பரவிற்று. யூடியூபின் சொந்த அறிவிப்போ 1024 முகவரிகளை ஒருங்கே குறிப்பது. நுட்பமானதே வெல்லும் என்னும் விதிப்படி ரௌட்டர்கள் பொய்வழியைத் தெரிந்தெடுத்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் அத்தளம் எட்டாக்கனியாயிற்று. ரௌட்டர்களைக் குறை கூற இயலாது. அவை விதியை வழுவாது பின்பற்றின.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. இன்ன முகவரிகளை இன்ன வலையமைப்பே அறிவிக்கலாம் என உரியவர் மின்கையொப்பமிட்டுப் பதிவு செய்தலும், அதனோடு முரணும் அறிவிப்பை ரௌட்டர்கள் தள்ளுதலுமே அது. ஆர்.பி.கே.ஐ. எனப்படும் இவ்வேற்பாட்டின் அடிப்படை வரையறை 2012இல் வெளியாயிற்று. இடைவழியில் நிகழும் புரட்டு அனைத்தையும் இது தடுக்காது. தொடக்கப் பொய்யைப் பிடித்துவிடும். அதுவே பெரும்பேறு.

ஆயினும் பதிவு செய்தால் மட்டும் போதாது. பிறர் அறிவிப்பைச் சோதிப்போரும் வேண்டும். இது பொறியாளர் வேலை, நமக்கென்ன என்பாரோடு நாம் உடன்படோம். இணைப்பு வாங்குங்கால் கல்வி நிறுவனங்கள் கட்டணத்தையும் வேகத்தையுமே கேட்கின்றன. கேட்போர் இல்லாத ஒன்றை விற்போர் ஏன் செய்யப்போகின்றனர்? அடுத்த ஒப்பந்தத்திற்கு முன், 'உங்கள் முகவரிகள் கையொப்பமிட்டுப் பதிவாகியுள்ளனவா? பொருந்தா அறிவிப்புகளை உங்கள் ரௌட்டர்கள் தள்ளுகின்றனவா?' என்னும் இவ்விரு வினாக்களையும் ஆட்சிக்குழுப் பெரியோர் எழுத்து வடிவில் கேட்டு, விடையையும் எழுத்திலேயே பெறுதல் வேண்டும்.