இடுப்பெலும்பு முறிந்த முதியவருக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை: எங்கள் நிலைப்பாடு

தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த எந்த முதியவருக்கும் மருத்துவமனையில் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்க வேண்டும். அதற்கான பொறுப்பை அரசு ஏற்க வேண்டும். எலும்பு முறிவதற்கு முன்பே பலர் ஒன்றிரண்டு முறை விழுந்து எழுந்திருப்பார்கள். முதல் முறை விழுந்ததையே நோயின் அறிகுறியாகப் பதிவு செய்து காரணத்தைத் தேட வேண்டும். முதியோர் நல மருத்துவர்கள், எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள், வீட்டில் முதியோரைப் பராமரிப்பவர்கள் ஆகியோர் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பு, தமிழ்நாட்டு அரசின் முன்னும் மக்கள் முன்னும் வைக்கும் நிலைப்பாடு இது.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்ததால் இறக்கிறார்கள். தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். 65 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது விழுகிறார். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் முதியோரின் பங்கு 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம். 2021-க்கான மத்திய அரசின் கணிப்பு அதை 13.6 சதவீதம் என்றது. கேரளத்துக்கு அடுத்தபடியாக நாம் இருக்கிறோம். 2031-இல் அது 18 சதவீதத்தைத் தாண்டும். ஆகவே இது சில குடும்பங்களின் துயரம் மட்டுமல்ல, மாநிலம் திட்டமிட வேண்டிய விஷயம்.

இடுப்பெலும்பு முறிவு என்று நாம் சொல்வது, பெரும்பாலும் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் ஏற்படும் முறிவு. விழுந்தவரால் எழ முடியாது. கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கும். முறிவைவிட, அதற்குப் பின் படுக்கையில் கழியும் நாட்களே உயிரைக் குடிக்கின்றன. சளி கட்டி நிமோனியா வரும். முதுகிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வரும். காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைக்கும். நேற்றுவரை வீட்டுக் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பெற்ற மகளையே யாரென்று கேட்கும் அளவுக்கு மனக்குழப்பம் வரும். இடுப்பெலும்பு முறிந்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி நடப்பதில்லை.

“இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாங்களா?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அன்பினால் எழும் கேள்வி அது, அதற்கு நேரான பதில் சொல்ல வேண்டியது எங்கள் கடமை. அறுவை சிகிச்சையில் ஆபத்து உண்டு. அதைச் செய்யாமல் மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பதில் உள்ள ஆபத்து அதைவிடப் பெரிது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்து, ஆணி பொருத்தியோ செயற்கைப் பந்தைப் பொருத்தியோ எலும்பை நிலைநிறுத்திவிடலாம். 80, 90 வயதிலும் இது அன்றாடம் நடக்கும் சிகிச்சைதான். ஏற்கெனவே படுக்கையில் இருப்பவருக்குக்கூட, புரட்டிப் படுக்க வைக்கும்போதும் உடை மாற்றும்போதும் வலிக்காமல் இருக்க இது உதவும். காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைப்பதை, அறுவை சிகிச்சைக்கு ஈடான மாற்றாக நாங்கள் ஏற்கவில்லை.

தாமதம் வீட்டிலேயே தொடங்குகிறது. தைலம் தேய்த்து இரண்டு நாள் பார்ப்பது ஒரு வகை. கட்டு கட்டுபவரிடம் கொண்டுபோவது இன்னொரு வகை. மணிக்கட்டு முறிவுக்குக் கட்டுப் போட்டுக் குணமானவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அந்த நம்பிக்கையில்தான் இடுப்பெலும்பு முறிந்தவரையும் தூக்கிப் போகிறார்கள். ஆனால் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி உடைந்தால் எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுபடலாம். வெளியிலிருந்து போடும் எந்தக் கட்டும் அந்த இடத்தை அசையாமல் பிடித்து வைக்காது. கட்டு கட்டுபவர்களை விலக்கி வைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. அவர்களை அழைத்து, கால் குட்டையாகித் திரும்பியிருந்தால் தொடாமல் 108-ஐக் கூப்பிடும்படி மாவட்ட நிர்வாகங்கள் பயிற்சி தர வேண்டும் என்கிறோம். மக்கள் முதலில் போவது அவர்களிடம்தான் என்பதால் இது பலன் தரும்.

மருத்துவமனைக்கு வந்த பிறகும் நாட்கள் கழிகின்றன. இதில் எங்கள் துறையினரை நோக்கியே பேச வேண்டியிருக்கிறது. ‘பிட்னஸ்’ கிடைக்கவில்லை, எக்கோ எடுக்க ஆள் இல்லை, சர்க்கரை கூடியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டிருக்கிறார், காப்பீட்டு ஒப்புதல் வரவில்லை, ஆணி இன்னும் வந்து சேரவில்லை, தியேட்டர் அடுத்த வாரம்தான் என்று காரணங்கள் நீள்கின்றன. இவற்றில் மிகச் சிலவே உண்மையான மருத்துவக் காரணங்கள். கடுமையான ரத்தசோகை, திணறும் இதயம், நெஞ்சில் தீவிரத் தொற்று, உப்புச் சத்துக் குலைவு போன்றவற்றைச் சரிசெய்த பிறகே கத்தி வைக்க வேண்டும். அவற்றிலும் பெரும்பாலானவற்றை ஓரிரு நாளுக்குள் சரிசெய்யலாம். குளோபிடோகிரெல் மாத்திரை சாப்பிட்டவர் என்பதற்காக மட்டும் ஐந்தாறு நாள் காத்திருக்கத் தேவையில்லை. காத்திருக்கும் நேரத்தில் வலியைத் தாங்கிக்கொள்ளச் சொல்வதும் சரியல்ல. தொடை இடுக்கில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியை அவசரப் பிரிவிலேயே போட முடியும்.

48 மணி நேரம் என்பதை நாங்கள் மனம்போன போக்கில் சொல்லவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2011 முதல், சேர்ந்த அன்றே அல்லது மறுநாளே அறுவை சிகிச்சை என்று கேட்கிறது. இங்கிலாந்தில் 36 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்வது, முதியோர் நல மருத்துவர் பார்ப்பது போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றும் மருத்துவமனைக்கு 2010 முதல் கூடுதல் தொகை கிடைக்கிறது. இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 பேரைக் கொண்டு நடந்து 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆறு மணி நேரத்துக்குள் செய்ய முயன்றால் என்ன ஆகும் என்று பார்த்தது. ஒரு நாள் அளவு காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டபோது இறப்பில் வேறுபாடு இல்லை. மனக்குழப்பம் குறைந்தது, நோயாளிகள் விரைவில் எழுந்து நின்றார்கள். அதனால் ஆறு மணி நேரம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு வாரம் காத்திருக்க வைப்பதைத்தான் ஏற்க மறுக்கிறோம்.

இதைச் செய்யும் திறன் தமிழ்நாட்டுக்கு உண்டு. சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. சாலையில் விழுந்தவருக்குத் தந்த அந்த உறுதியை, வீட்டுக் குளியலறையில் விழுந்த 60 வயதுக்கு மேற்பட்டவருக்கும் நீட்டிக்க வேண்டும் என்பதே எங்கள் முதன்மைக் கோரிக்கை. ஒப்புதலும் ஆவணங்களும் அறுவை சிகிச்சைக்குப் பின் வரலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் ஆணியும் செயற்கைப் பந்தும் முன்கூட்டியே இருப்பில் இருக்க வேண்டும். தியேட்டர் பட்டியலில் இந்த நோயாளிகளுக்கென்று அன்றாடம் இடம் ஒதுக்க வேண்டும்.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைக்க வேண்டும். “அசையாம படுங்க” என்ற அறிவுரை இங்கே கேடு செய்கிறது. அதோடு, ஓர் எலும்பு முறிந்தவருக்கு அடுத்த எலும்பு முறிவதைத் தடுக்கும் மருந்து தொடங்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் ஆண்டுக்கு ஒரு முறை சோலெட்ரானிக் அமிலம் ஏற்றியவர்களுக்குப் புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்பு 28 சதவீதமும் குறைந்ததாக 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிறுநீரகத்தையும் ரத்தத்தில் வைட்டமின் டி, கால்சியம் அளவையும் பார்த்துவிட்டுத் தர வேண்டிய மருந்து அது. எலும்பைச் சேர்த்து வைத்ததோடு வேலை முடிந்தது என்று அனுப்பிவைக்கும் பழக்கத்தால் பலருக்கு இது கிடைக்காமலே போகிறது.

இனி, முறிவுக்கு முந்தைய கதை. விழுந்ததைப் பெரியவர்கள் மறைப்பார்கள். சொன்னால் வெளியே போக விடமாட்டார்கள், தனியே இருக்க விடமாட்டார்கள் என்ற அச்சம். அதனால் நாம்தான் கேட்க வேண்டும்: கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா? நடக்கும்போது தள்ளாடுகிறதா? விழுந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறதா? இந்த மூன்றையும் கேட்கத் தனியாக ஆள் தேட வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறார்கள். அந்த மாத்திரைகளே சில சமயம் விழுவதற்குக் காரணமாகின்றன என்பதால், கேட்க வேண்டிய இடமும் அதுவே. படுத்திருக்கும்போதும் எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ரத்த அழுத்தம் பார்த்தால், மேல் அளவு 20 புள்ளியோ கீழ் அளவு 10 புள்ளியோ இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். இறங்கினால் மருந்தை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகள், சர்க்கரையை அதிகம் தாழ்த்தும் மருந்துகள் ஆகியவற்றையும் அப்போதே சரிபார்க்க வேண்டும். யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

தடுப்பில் அதிக ஆதாரம் உடற்பயிற்சிக்கு இருக்கிறது. 108 ஆய்வுகளைத் தொகுத்த 2019 மதிப்பாய்வு, பயிற்சியால் விழும் எண்ணிக்கை 23 சதவீதம் குறைவதாகக் கண்டது. வெறும் நடைப்பயிற்சி போதாது. சமநிலையையும் தொடைத் தசையையும் பலப்படுத்த வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, ஒரு காலில் நிற்பது ஆகியவற்றை வாரத்துக்கு மூன்று நாள், மாதக்கணக்கில் செய்ய வேண்டும். நடக்கவே தடுமாறுபவருக்கு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நின்று தொடங்கித் தர வேண்டும். கண்புரையை நாள் கடத்தாமல் எடுத்துவிடுவது நல்லது. வீட்டில் செய்ய வேண்டியது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கழிப்பறையில் கைப்பிடி, இரவில் விளக்கு, நழுவும் மிதியடியை அகற்றுவது, தேய்ந்துபோன ரப்பர் செருப்பை மாற்றுவது. கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும் கிராமங்களில் அதுவரை போகும் பாதைக்கு வெளிச்சம் போடுவதும் சேர்த்துத்தான்.

இரண்டு வழக்கங்களை நாங்கள் வெளிப்படையாக எதிர்க்கிறோம். விழுந்துவிடுவார் என்று முதியவரைக் கட்டிலோடு கட்டி வைப்பது ஒன்று. தசை வற்றி, குழப்பம் கூடி, அவிழ்த்துவிட்ட நாளில் மேலும் எளிதாக விழுவார். குறைபாடு உண்டா என்று பாராமலே வைட்டமின் டி ஊசி போட்டுவிட்டு, விழாமல் தடுத்துவிட்டோம் என்று நம்புவது மற்றொன்று. வீட்டில் வாழும் முதியோரிடம் அது மட்டுமே விழுவதைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை.

முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு இந்தியாவில் முதன்முதலாக 1996-இல் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்த அனுபவம் மாவட்டங்களை எட்ட வேண்டும். இடுப்பெலும்பு முறிந்தவரை எலும்பு நிபுணரும் பொதுநல மருத்துவரும் ஒரே வார்டில் கூட்டாகப் பார்க்கும் முறையை ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் தொடங்க கிண்டி மருத்துவமனை பயிற்சி தர வேண்டும்.

இவை நடக்கின்றனவா என்பதை அறிய ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு 48 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தது, எத்தனை பேர் மறுநாள் எழுந்து நின்றார்கள், எத்தனை பேருக்கு எலும்பு மருந்து தொடங்கியது, நான்கு மாதம் கழித்து எத்தனை பேர் உயிரோடும் நடமாட்டத்தோடும் இருக்கிறார்கள் என்ற ஐந்து கணக்குகளையும் அரசு, தனியார் மருத்துவமனைகள் மாதந்தோறும் வெளியிட வேண்டும். பிரிட்டன் 2007 முதல் இத்தகைய தேசியப் பதிவேட்டை நடத்திவருகிறது. அரசாணை வரும்வரை காத்திராமல், எங்கள் உறுப்பினர்கள் தாங்கள் பணிபுரியும் வார்டுகளில் இந்த ஐந்து கணக்குகளையும் எழுதத் தொடங்குவார்கள். நோயாளிகளின் அடையாளம் தெரியாதபடி தொகுத்து, அவற்றைச் சுகாதாரத் துறையிடமும் பொதுமக்களிடமும் வைப்போம்.