தோட்டத்து விருந்தாளி: புகையானுக்குத் தூரத்து உறவு

பென்சில்வேனியா, நியூ ஜெர்சி பக்கம் இருக்கிறவங்க இதைக் கட்டாயம் பாத்திருப்பீங்க: ஸ்பாட்டட் லேண்டர்ன்ஃப்ளை. நம்ம ஊர் நெல்வயலில் சாறு உறிஞ்சுமே புகையான், அதுக்குத் தூரத்து உறவு. சீனாவிலிருந்து வந்தது, அமெரிக்காவில் 2014இல் பென்சில்வேனியாவில்தான் முதலில் கண்டுபிடிச்சாங்க.

அடையாளம் சுலபம். ஓர் அங்குல நீளம். சாம்பல் நிற முன்னிறகில் கறுப்புப் புள்ளிகள். விரிச்சா பின்னிறகில் பளிச்சுனு சிவப்பு. குஞ்சுகள் கறுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியோட இருக்கும்; வளர்ந்ததும் சிவப்பும் சேரும். நம்மைக் கடிக்காது, திராட்சைக் கொடியை வாட்டிடும்.

செப்டம்பர் முதல் மரம், கல், கார் எதிலும் முட்டையிடும். காய்ந்த சேறு அப்பின மாதிரி தெரியும். ஒரு அப்பலில் 30 முதல் 50 முட்டை. பழைய அட்டையால சுரண்டி, சானிடைசரில் போடுங்க. பூச்சியை மிதிச்சா ஒண்ணுதான் போகும். இதைச் சுரண்டினா ஒரு கூட்டமே போகும். வெளியூர் கிளம்பும் முன்னாடி காரையும் ஒரு சுற்று பாத்துடுங்க.