பொழப்பும் கொழுப்பும்

புனேயில் எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நாலைந்து சேர்ந்து மாதம் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் சாப்பிடுவது வழக்கம். போன முறை எங்கள் வீடு. வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், பாயசம் எல்லாம் முடிந்து ஃபேனுக்கு அடியில் சாய்ந்திருந்த நேரம். டிசம்பரில் நான் மெக்சிகோ போகிற விஷயத்தைத் தங்கமணி வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"ஆபீஸ் வேலையா?" என்றார் மாமா. (கும்பகோணம். எங்கள் எல்லாருக்குமே அவர் மாமாதான். எனக்கு டெங்கு வந்தபோது பத்து நாள் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த மனுஷர். அதனால் இந்தப் பதிவு அவர்மேல் உள்ள கோபத்தில் எழுதியது இல்லை.)

"இல்ல மாமா. குகைக்குள்ள டைவிங்."

"குகைக்குள்ள தண்ணியா, தண்ணிக்குள்ள குகையா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மாமா. குகை முழுக்கத் தண்ணி நிறைஞ்சிருக்கும். சிலிண்டர் கட்டிக்கிட்டு நீந்தணும்."

"மேல வரணும்னா?"

"மேல பாறைதான் இருக்கும். வந்த வழியாவே திரும்பி வரணும்."

ஐந்து விநாடி யாரும் பேசவில்லை. அப்புறம் மாமா சொன்னார்: "இதுக்குப் பேரு கொழுப்புப்பா. வேற ஒண்ணும் இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்து வைத்தேன். அன்றைக்கு ராத்திரி என் மகள் (ஒன்பது வயசு) படுக்கையில் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அப்பா, நீ செத்துப் போயிடுவியா?"

அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாதாரண ஸ்கூபாவில் ஏதாவது தப்பு நடந்தால் மெதுவாக மேலே வந்துவிடலாம். குகையில் அது முடியாது, தலைக்கு மேல் கூரை. போதாக்குறைக்கு, துடுப்பைத் தப்பாக ஒரு உதை உதைத்தால் தரையில் படிந்திருக்கிற வண்டல் கிளம்பி, கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் காபி மாதிரி ஆகிவிடும். கையில் இருக்கிற விளக்கு கூடத் தெரியாது. மாமா பயப்பட்டதில் தப்பே இல்லை. குகை வாசல்களில் எமன் படம் போட்ட பலகையே வைத்திருக்கிறார்கள், இதற்கு மேல் போகாதே, ஸ்கூபா சொல்லிக்கொடுக்கிற வாத்தியார்களே இங்கே செத்திருக்கிறார்கள் என்று.

அப்படியிருந்தும் ஏன் போகிறார்கள்? செத்து விளையாடுகிற ஆசையா? கிடையவே கிடையாது. நான் பார்த்த குகை டைவர்கள் என் ஆபீஸ் ஆடிட்டரை விடச் சிடுமூஞ்சிகள். ஒவ்வொரு கொக்கியையும் மூன்று தடவை பார்ப்பார்கள். ஷெக் எக்ஸ்லி என்று ஒரு அமெரிக்கர். குகையில் செத்தவர்கள் ஏன் செத்தார்கள் என்று ஒவ்வொரு விபத்தாக ஆராய்ந்து 1979-ல் ஒரு புத்தகம் போட்டார். இன்றைக்குச் சொல்லிக்கொடுக்கிற விதிகளுக்கு அந்த ஆராய்ச்சிதான் அடிப்படை. தனிப் பயிற்சி இல்லாமல் உள்ளே போகாதே. வெளிவாசல் வரைக்கும் அறுபடாத கயிறு வேண்டும். சிலிண்டர் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கைத் தொடவே கூடாது. ஆளுக்கு மூன்று விளக்கு. அளவுக்கு மீறி ஆழம் போகாதே. அவ்வளவுதான். பெரும்பாலான சாவுகளில் இதில் ஏதாவது ஒன்று மீறப்பட்டிருக்கும்.

(அந்த எக்ஸ்லியே 1994-ல் மெக்சிகோவில் ஸகத்தோன் என்ற பாதாளக் குளத்தில் ஆழச் சாதனைக்கு முயன்று இறந்துபோனார். இதை மறைத்துவிட்டு நான் வாதாடினால் அது யோக்கியமான வாதம் இல்லை.)

இனி, சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். ஒரு ஆலை வேலையாக 2022-ல் ஆறு மாதம் மெக்சிகோவில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்தமானில் ஏற்கெனவே ஸ்கூபா கற்றிருந்ததால், விடுப்பு எடுத்துக்கொண்டு துலும் பக்கம் போனேன். காட்டுக்கு நடுவில் நம்மூர்க் கிணறு மாதிரி ஒரு பள்ளம். செனோட்டே என்பார்கள். அதற்குள் இறங்கினால் பக்கவாட்டில் குகை போய்க்கொண்டே இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குகைகளில் இரண்டு ஒன்றோடொன்று இணைந்திருப்பதை 2018-ல் கண்டுபிடித்தபோது மொத்த நீளம் 347 கிலோமீட்டர் என்று கணக்கு வந்தது. நெல்லையிலிருந்து திருச்சி தாண்டிப் போகிற தூரம், அத்தனையும் தண்ணீருக்குள்!

உள்ளே கூரையிலிருந்து சுண்ணாம்புக் கல் விழுதுகள் ஆலமர விழுது மாதிரி தொங்கும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துதான் அவை வளர முடியும். அப்படியென்றால் ஒரு காலத்தில் இந்த இடம் காய்ந்து கிடந்திருக்க வேண்டும். ஆமாம், பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கு மேல் கீழே இருந்தது. அந்தக் காலத்தில் இந்தக் குகைக்குள் மனிதர்கள் நடந்து போயிருக்கிறார்கள். 2007-ல் மூன்று டைவர்கள் ஓயோ நெக்ரோ என்ற இருட்டுப் பள்ளத்தைக் கண்டுபிடித்தார்கள். அதன் அடியில் ஒரு சின்னப் பெண்ணின் எலும்புக்கூடு. பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. நையா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கண்டங்களின் முதல் மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சியில் அவளுக்குப் பெரிய இடம் உண்டு. 'கொழுப்பெடுத்த' மூன்று பேர் உள்ளே போகாவிட்டால் அவள் இன்னும் இருட்டில்தான் கிடப்பாள்.

ஆனால் எனக்கு இதையெல்லாம் விடப் பெரிய சந்தோஷம் வேறு. உள்ளே என் மனசில் ஒரே ஒரு வேலைதான். கயிறு, காற்று, கூட வருகிறவர். வீட்டுக் கடன் கிடையாது, அப்ரைசல் கிடையாது, போன் கிடையாது. மூச்சுச் சத்தம் மட்டும். வாரத்துக்கு ஏழு நாளும் பத்து விஷயத்தில் மனசைப் பிய்த்துக் கொடுக்கிற நமக்கு, ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் மனசு நிற்பது எவ்வளவு பெரிய சொத்து என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிலருக்கு அது கோயிலில் கிடைக்கிறது, சிலருக்குக் கச்சேரியில். எனக்கு அங்கே.

இப்போது மாமாவின் 'கொழுப்பு'க்கு வருகிறேன். இங்கேதான் எனக்குச் சண்டை.

2018 ஜூன் 23, தாய்லாந்தில் தாம் லுவாங் குகைக்குள் பன்னிரண்டு பையன்களும் அவர்கள் கால்பந்துக் கோச்சும் மாட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கும். வெள்ளம் வழியை அடைத்துவிட்டது. நம் வாட்ஸப் குழுவில் எத்தனை பிரார்த்தனை! நம்ம புனே கிர்லோஸ்கர் பிரதர்ஸ் ஆட்கள் தண்ணீர் இறைக்கிற வேலைக்கு உதவப் போனார்கள் என்றதும் இங்கே எத்தனை பெருமை! ஜூலை 2-ம் தேதி அந்தப் பையன்களைக் கண்டுபிடித்தது யார்? ரிக் ஸ்டான்டன், ஜான் வொலாந்தன் என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், இன்னொருவர் ஐடி ஆலோசகர். நம்மை மாதிரி ஐடி மக்களே! பையன்களுக்கு மயக்க மருந்து கொடுத்த ரிச்சர்ட் ஹாரிஸ் ஆஸ்திரேலிய டாக்டர். அவரோடு போன கிரெய்க் சாலன் மாட்டு டாக்டர், அதாவது கால்நடை மருத்துவர். குகை டைவிங் இவர்கள் யாருக்கும் உத்தியோகம் இல்லை, பொழுதுபோக்கு. உள்ளூர்க் கடற்படை வீரர்கள் தைரியத்தில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் பழகியது கடல். இந்த இருட்டில், இந்தக் கலங்கலில் வருஷக்கணக்காகப் பழகியவர்கள் இந்தக் 'கொழுப்பெடுத்தவர்கள்'தான். ஜூலை 10-க்குள் பதின்மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

அந்தப் பணியில் காற்று சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும்போது முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் இறந்தார். அது நினைவிருக்கட்டும். ஆபத்து இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

அதே 2018, டிசம்பர் 13. நம் நாட்டில், மேகாலயாவில், கசான் என்ற இடத்தில் எலிவளை நிலக்கரிச் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து பதினைந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். அந்த மாதிரிச் சுரங்கத்துக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-லேயே தடை போட்டிருந்தது. யாரும் உயிரோடு வரவில்லை. நம் குழுவில் எத்தனை பிரார்த்தனை வந்தது? நான் பழைய செய்திகளைத் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. நானும் ஒன்றும் அனுப்பவில்லை, அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஆக, நமக்கு ஆபத்து பிரச்சினை இல்லை மக்களே. கயிறு இல்லாமல், விளக்கு இல்லாமல், கூலிக்கு ஒருத்தன் பள்ளத்துக்குள் இறங்கினால் அது 'பொழப்பு'. நமக்குப் பழகிப்போய்விட்டது. பயிற்சி எடுத்து, கயிறு கட்டி, காற்றைக் கணக்குப் பண்ணிக்கொண்டு ஒருத்தன் சந்தோஷத்துக்காக இறங்கினால் அது 'கொழுப்பு'. நம்மை உறுத்துவது அந்தச் சந்தோஷம்தான். (மாமாவின் பேரன் ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டரில் மூன்று பேராகக் கல்லூரிக்குப் போகிறான். அது கொழுப்பில் சேராதாம் :-))

"குடும்பத்தை நினைச்சியா?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. நினைத்தேன். டேர்ம் இன்சூரன்ஸ் படிவத்தில் குகை டைவிங் என்று மறைக்காமல் எழுதினேன், பிரீமியம் ஏறியது, கட்டுகிறேன். தனியாக இறங்க மாட்டேன், சாதனை ஆழம் போக மாட்டேன், யாரும் போகாத வழியில் போக மாட்டேன் என்று தங்கமணியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் முதல் நாளிலிருந்து ஏன் போறீங்க என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டது இரண்டே கேள்வி: "எது வரைக்கும் போவீங்க? எத்தனை மணிக்குத் திரும்புவீங்க?" அந்த இரண்டும்தான் ஒவ்வொரு தடவை இறங்குவதற்கு முன்னாலும் என் பயிற்சியாளர் கேட்கிற கேள்வி! பயமுறுத்துகிறவருக்கும் அக்கறைப்படுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023-ல் இரண்டாவது தடவை போனபோது, உள்ளே இருபது நிமிஷத்தில் எனக்கு என்னவோ சரியில்லை என்று தோன்றியது. கருவியில் கோளாறு இல்லை, காற்றும் இருந்தது. கட்டைவிரலைத் தூக்கினேன். 'போதும், திரும்பலாம்' என்று அர்த்தம். பயிற்சியாளர் உடனே திரும்பினார். யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் திரும்பலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது என்பது அங்கே சட்டம். மேலே வந்ததும் பப்பாளிப் பழம் வெட்டிக் கொடுத்தார், வேறு ஒன்றும் பேசவில்லை. போதும் என்று சொன்னவனைக் கேலி பண்ணாத இடம் நம் ஆபீசில் உண்டா? நம் வீடுகளில் உண்டா?

ஊரை விட்டு வந்த நமக்கு இந்த 'ஏன்' புதுசு இல்லை. நான் முதலில் புனேக்கு ரயில் ஏறியபோது அம்மா கேட்டாள்: "இங்க இல்லாதது அங்க என்னல இருக்கு?" அப்போதும் என்னிடம் நல்ல பதில் இல்லை. அப்பா மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கிணற்றில் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர் அவர். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, "குதில" என்றவர்.

மகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள்? சாக மாட்டேன் என்று சத்தியம் பண்ணவில்லை. பொய் சொல்லப் பிடிக்கவில்லை. எழுந்து போய் மூன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். "இது நான் உள்ள போறதுக்கு. இது நான் திரும்பி வர்றதுக்கு. முதல் டம்ளர் காலியானா, எவ்வளவு அழகா இருந்தாலும் திரும்பிடுவேன்."

மூன்றாவது டம்ளரைக் காட்டி, "இது யாருக்கு?" என்றாள்.

"கூட வர்றவருக்கு ஏதாவது ஆச்சுன்னா, அவரையும் கூட்டிக்கிட்டு வர்றதுக்கு."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மாமாவுக்கு இத நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். அடுத்த ஞாயிறு மாமா வீட்டில்தான் சாப்பாடு. பார்ப்போம்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு, நாலு நாள் ஸ்கூபா கோர்ஸ் முடித்த தைரியத்தில் யாரும் குகைக்குள் தலையை நீட்ட வேண்டாம். வெளிச்சம் தெரிகிற இடத்தோடு நில்லுங்கள். முறையாகக் கற்றுக்கொள்ளாமல் உள்ளே போவதற்குப் பெயர் கொழுப்பேதான். அந்த இடத்தில் நான் மாமா கட்சி!