மாரிகுப்பம் ரயிலில் ஏறாத மருத்துவம்

புதுதில்லி: கோலார் தங்கவயல் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் பேசப்படுவது மண்தான். தங்கம் மிச்சமிருக்கிறதா, சயனைடு மண்மேடுகள் எப்போது ஏலம் போகும் என்பதே கவலை. 1,003 ஏக்கரில் பரந்துள்ள 13 மண்மேடுகளை ஏலம்விடும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவும் தெரிவித்துவிட்டது. அந்த மேடுகளின் நிழலில் வாழும் தமிழர்களின் உடல்நிலை பற்றிய கேள்வி அவைக்கு வருவது அரிது.

2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது போனது வேலை மட்டுமன்று. ஜான் டெய்லர் நிறுவனத்தின் காலத்திலிருந்து தொழிலாளர் குடும்பங்களைக் கவனித்துவந்த சுரங்க மருத்துவமனையும் போயிற்று. பிழைப்பு ரயிலுக்கு மாறியது. அதிகாலையில் மாரிகுப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஏறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் உழைத்து, இரவில் வீடு திரும்புகிறார்கள்.

ரத்தக் குழாய் அடைப்பு ஓசையின்றி வளரும் நோய். தமனிச் சுவரில் கொழுப்பு படிந்து வழி குறுகப் பல ஆண்டுகள் ஆகின்றன. காலில் அது வந்தால் சிறிது தூரம் நடந்ததும் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் தணியும். நாளெல்லாம் நின்று வேலை செய்பவர் இதை அலுப்பு என்றே எண்ணுவார். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து, விடை 0.90 அல்லது அதற்கும் குறைவாக இருந்தால் கால் தமனியில் அடைப்பு எனக் கொள்ளலாம். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். அப்படிக் கண்டறியப்படுபவருக்கு மாரடைப்பு, பக்கவாத அபாயமும் கூடுதல் என்பதால் இந்தச் சோதனை காலோடு முடிவதன்று. புகை, நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு ஆகிய நான்கையும் அடக்கினாலே பெரும்பகுதி ஆபத்து குறையும்.

கர்நாடக அரசு வாளாவிருக்கவில்லை. 2023-ல் புனித் ராஜ்குமார் பெயரில் தொடங்கிய திட்டம் தாலுகா மருத்துவமனைகளில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் விலையுயர்ந்த ஊசியை இலவசமாக்கியது. நல்ல திட்டம், ஆனால் அது மாரடைப்பு வந்த பிறகு. வீடுவீடாகச் சென்று சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் கிருக ஆரோக்கியத் திட்டம் 2024 அக்டோபரில் கோலார் மாவட்டத்திலேயே தொடங்கப்பட்டது. பணியாளர் பகலில் கதவைத் தட்டுகிறார். சோதிக்க வேண்டியவரோ அந்நேரம் பெங்களூரில் இருக்கிறார்.

பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவத்தைத் தொடங்கிய தமிழகமும் இதே சிக்கலைச் சந்தித்தது. 2024-ல் அத்திட்டத்தைத் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுசென்றது. தங்கவயல்காரர்களின் வேலையிடங்கள் பெங்களூரெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவர்கள் ஒன்றுகூடும் ஒரே இடம் ரயில் நிலையம்.

மாரிகுப்பம் கிளைப்பாதை நிலையங்களில் இரவு ரயில் வரும் நேரத்தில் ஒரு செவிலியரும் ரத்த அழுத்தக் கருவியும் இருந்தால் போதும். மாத்திரையும் மாதந்தோறும் அங்கேயே கிடைக்க வேண்டும். ஒருநாள் முகாம் நடத்திப் படம் பிடித்துக்கொள்வதால் யாருடைய அழுத்தமும் இறங்கப் போவதில்லை. சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது, நடைமேடை மத்திய அரசுடையது என்று பெங்களூரும் தில்லியும் கைகாட்டிக்கொள்ளலாம். சுரங்கத்தை நடத்தியதும் மூடியதும் மத்திய அரசுதான். ரயில்வே மானியக் கோரிக்கை மீதான விவாதத்தில் கோலார் உறுப்பினர் கேட்க வேண்டியது ஒரு மேசைக்கும் நாற்காலிக்குமான இடம்.