விஷமம் செய்வது யார்?

கலெக்டர் ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் நின்றால் அண்ணாமலை தெரியும். அதன் அடிவாரத்தில் 15-ம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அருணகிரிநாதர். திருப்புகழை அவர் என்ன மெட்டில் பாடினார் என்பது இன்று யாருக்கும் தெரியாது. ஆனால், சந்தம் சாகவில்லை. குறில், நெடில், வல்லினம், மெல்லினம் என்று சொல்லுக்குள்ளேயே அதைப் பூட்டி வைத்துவிட்டார் மனிதர். வாய்விட்டுப் படியுங்கள், உங்கள் கை தானாகத் தொடையில் தட்டும்.

அதே ஊரில் ஒரு பிள்ளை இன்று ‘மியூஸ்கோர்’ சாஃப்ட்வேரில் ஒரு கீர்த்தனையை எழுத உட்காருகிறது என்று வையுங்கள். திறந்ததுமே, நாலுக்கு நாலு என்று தாளம் தயாராகப் போட்டிருக்கும். மாற்றலாம்தான். ஆனால், தலைவலி அதற்குப் பிறகுதான்.

நம் பாட்டெல்லாம் முதல் தட்டிலேயே ஆரம்பிப்பதில்லை. தட்டு விழுந்த பிறகு எடுத்தால் அனாகதம். தட்டுக்கு முன்பே எடுத்தால் அதீதம். இரண்டுக்கும் பொதுப்பெயர் விஷம எடுப்பு. மேற்கத்திய சங்கீதத்தில் ‘சிங்கோபேஷன்’ என்பார்களே, ஏறக்குறைய அதற்குச் சொந்தக்காரன்.

ஒரு ஸ்வரம் தாளக்கோட்டைத் தாண்டி நீள்கிறதா? சாஃப்ட்வேர் அதை இரண்டாக வெட்டி, ஒரு வளைகோடு போட்டு ஒட்டும். எண்ணிக்கைக்கு ஐந்தாகப் பிரியும் கண்ட நடையா? ஒவ்வொரு எண்ணிக்கையின் தலையிலும் ‘5’ போட வேண்டும். கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்யலாமே என்கிறீர்களா? ‘குவான்டைஸ்’ என்று ஒரு வசதி உண்டு. தள்ளி எடுத்த ஸ்வரத்தைப் பக்கத்துக் கட்டத்துக்கு இழுத்து, நேராக உட்கார வைத்துவிடும். ரசித்துச் செய்த விஷமம், திருத்தப்பட வேண்டிய தப்பாகிவிடுகிறது!

நம் ஸரிகம எழுத்தில் இதெல்லாம் எவ்வளவு சுலபம்! நீட்ட வேண்டுமா, ஒரு கமா. கோட்டுக்கு அந்தப் பக்கமும் நீள்கிறதா, இன்னொரு கமா. நடைக்கு மேலே ஒரே ஒரு தடவை பெயர். தீர்ந்தது வேலை.

‘குரு வாயால் சொல்லித் தருவார், எழுத்து எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குரு பக்கத்தில் இல்லாத பிள்ளைக்குக் காகிதம்தான் குரு. காகிதம் தட்டையாக இருந்தால் பாட்டும் தட்டையாகத்தான் வரும்.

1893-லேயே சென்னையில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் கோடுகளில் எழுதி அச்சிட்டார். 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் போட்டு அச்சேற்றினார். ஈய எழுத்துக் கோத்த காலத்தில் முடிந்தது, கம்ப்யூட்டர் காலத்தில் முடியாதா?

மியூஸ்கோர் இலவசம். அதன் நிரலும் திறந்தே கிடக்கிறது, யாரும் மாற்றலாம். உலகத்துக்கே சாஃப்ட்வேர் எழுதித் தருகிறோம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் நம் இன்ஜினீயர்கள், ஒரு மிருதங்க வித்வானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எடுப்புக்கு ஒரு குறி, நடைக்கு ஒரு குறி சேர்த்துத் தரக்கூடாதா? இசைக் கல்லூரிகள்தான் அதைக் கேட்டு வாங்கக்கூடாதா?

வயலினும் வெளிநாட்டுச் சரக்குதான். அது நின்றுகொண்டு வாசிக்கிற வாத்தியம் என்பதற்காக நாம் எழுந்து நிற்கவில்லை. அதைத் தரையில் உட்கார வைத்து, தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று சுருதி மாற்றி, கமகம் பேச வைத்தோம். சாஃப்ட்வேருக்கு முன்னால் மட்டும் ஏன் கைகட்டி நிற்கிறோம்?

அதையும் உட்கார வையுங்கள் சார்!