தடுப்பூசி வரிசைக்கு வெளியே

இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போட ஆரம்பித்தது 2021 ஜனவரி 16. கர்ப்பிணிகளுக்கு அனுமதி தந்தது ஜூலை 2. நடுவிலேதான் இரண்டாம் அலை அடித்து ஓய்ந்தது. அந்த ஐந்தரை மாசத்தை மறக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கர்ப்பிணிகளிடம் சோதித்த ஆதாரம் போதாது என்றார்கள். சரி, சோதனையில் சேர்க்காமல் விட்டது யார்? 'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லி வெளியே நிறுத்துவது நமக்குப் புதுசா?

ஆபத்து தெரியாமல் இல்லை. 18 நாடுகளில் 2,130 பெண்களிடம் நடந்த ஆய்வு அந்த ஏப்ரலிலேயே வெளிவந்தது. தொற்று கண்ட கர்ப்பிணிகளிடம் ரத்தக்கொதிப்பும் குறைமாசப் பிரசவமும் சாவும் கூடுதல். வயிற்றுப் பிள்ளைக்குக் கிருமி ஒட்டுவது அபூர்வம். பிள்ளையை வதைப்பது குறைப்பிரசவம்தான்.

ஊசி இல்லை, வீட்டோடு இரு என்றார்கள். வெம்பாக்கம் சேரியிலிருந்து நடவுக்கோ ஆரணிப் பக்கம் தறிக்கூலிக்கோ போனால்தான் உலை கொதிக்கும் என்கிறவள் எப்படி வீட்டோடு இருப்பாள்?

அடுத்த கொள்ளைநோய் வரும். சோதனைக் கட்டத்திலேயே கர்ப்பிணிகளையும் சம்மதம் கேட்டுச் சேர்த்துக்கொள். ஊசியைச் சேரி வாசலுக்குக் கொண்டுவா. நிறைமாசத்தில் கூலியோடு ஓய்வு கொடு. மாணவத் தோழர்களே, இந்த மூன்றையும் இப்போதே கேட்போம். நோய் வந்த பிறகு கேட்டால் வரிசையின் கடைசியில்தான் நிற்போம்.